தீமிதி மேசனும் பதினொரு அடித் தரையும்

பிற்பகல் ஒன்று பத்து. முதலில் கண்டது ஒரு கால். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய, சீமெந்து காய்ந்து ஒட்டிய, மெலிந்த கறுத்த கால். உவர்மலையில் ஒரு வீட்டின் பின்வளவில், வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த கருங்கல் பலகை ஒன்றின் மேல் அது தனியாக நின்றது. மற்றக் கால் கொக்கின் கால்போல மடங்கியிருந்தது. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் குனிந்து கல்லைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மூதேவி! நீ கல்லோ, தோசைச் சட்டியோ? உன்னில ஒரு மனிசர் கால் வைக்க ஏலுமோ? சொல்லன்!"

திருகோணமலையில் மனிதரைத் திட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. துறைமுகத்தில் அதையே தொழிலாகச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு கல்லை நேருக்கு நேர் திட்டிவிட்டு, அது பதில் சொல்லட்டும் என்று காத்து நின்றவர் என் அறிவில் இவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு தரையைச் சோதிக்கிற கொத்தனார் என்பதால் ஊர் அவருக்குத் தீமிதி மேசன் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை அவர் முன்னால் சொன்னவர்களோடு அவருக்குக் கோவம். எங்கள் பக்கத்தில் ஒருவரோடு கோவம் என்றால் அவரோடு கதைபேச்சு இல்லை என்று பொருள். அவர் வீட்டில் வேலை செய்யலாம், தேத்தண்ணி குடிக்கலாம், ஒரே நிழலில் நிற்கலாம். முகத்தைப் பார்த்து ஒரு சொல் மட்டும் சொல்லக்கூடாது. எவர் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் தோற்றவர்.

மேசனுக்குத் தமையனோடு கோவம். முடி வெட்டுகிறவரோடு கோவம். அதனால் தலைமுடி தோளில் கிடந்தது. நிலாவெளி பஸ் கொண்டக்டரோடு கோவம், அதனால் சைக்கிள். அவர் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனுடைய வலையைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து கடலோடும் கோவம். ஒவ்வொரு நாளும் கரையோரமாக சைக்கிளில் வரும்போது முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டுதான் வருவார். அப்படி வந்து ஒருமுறை தந்திக் கம்பத்தில் மோதினார். கம்பத்தோடும் கோவம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலை நிருபர். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எதில் கோதுமை மா வந்தது என்று எழுதுவது என் வேலை. கப்பல் ஏஜென்ட் ஒருவரின் வீட்டில் வெளி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஏஜென்டின் பெரிய அக்கா, கல்யாணம் செய்யாதவர், அந்த வீட்டில்தான் இருந்தார். ஊருக்கே அவர் ரீச்சர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் பள்ளிக்கூட விறாந்தையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஊன்றுகோல் இருந்தும் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்தால்தான் நடக்க முடிந்தது.

தினமும் நெஞ்சளவு தண்ணீருக்குள் நடந்தால் கால் திரும்பப் பலம் பெறும் என்றார் கொழும்பு டொக்டர். இன்னொரு தரம் விழுந்தால் பிறகு படுக்கைதான் என்றும் சொன்னார். கடலுக்குக் கூட்டிப்போவதாகத் தம்பி சொன்னபோது ரீச்சர் மறுத்துவிட்டார்.

"நான் படிப்பிச்ச பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிக்க, ரெண்டு பேர் பிடிச்சுக் கடலுக்கை தள்ள நான் என்ன வள்ளமோ?"

ஆகவே ஏஜென்ட் பின்வளவில் நீச்சல் தடாகம் கட்டினார். இருபத்திரண்டு அடி நீளம், பத்தடி அகலம். தொட்டியை வேறு ஆட்கள் கட்டி நீலச் சாயமும் அடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சுற்றியிருந்த நிலம். முக்கியமாக, பின்கதவிலிருந்து தண்ணீர்வரை இருந்த பதினொரு அடி.

"அந்தப் பதினொரு அடியை நான் தனிய நடக்க வேணும். ஒருத்தரும் கையைப் பிடிக்கக்கூடாது. இல்லையெண்டால் எனக்கு இந்தக் குளமும் வேண்டாம்" என்றார் ரீச்சர்.

தீமிதி மேசனை யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் காலையில் தானாக வந்து கேற்றைத் தட்டினார். "சுத்திவரத் தரை நான்தான் போடுவன். வேற ஒருத்தரும் போடக்கூடாது" என்று சத்தம் போட்டார். ஏன் என்று ஏஜென்ட் கேட்டார். அதற்கே கோபப்பட்டார். கோபப்படுகிற மேசன் நல்ல மேசனாக இருப்பான் என்று நினைத்து ஏஜென்ட் வேலையைக் கொடுத்தார்.

ஏஜென்டிடம் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை இருந்தது. யாரோ ஒரு கப்டன் விட்டுப்போனது. அதில் ஒரு வீட்டுப் பின்வளவு, நீலத் தடாகம், சுற்றிவர முகம் தெரிகிற மாபிள் கல், ரோசாச் செடிகள், குடையின் கீழ் ஒரு பெண். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் என்பதால் மாபிளைப் படத்தில்தான் பார்க்கலாம். அதற்குப் பதிலாக, வீட்டு விறாந்தையில் இருப்பதுபோல் சிவப்புச் சீமெந்தை மினுங்கத் தேய்த்துப் போட ஏஜென்ட் ஆசைப்பட்டார்.

மேசன் படத்தைப் பார்த்தார். "இந்த மனிசி தலைக்கு எண்ணெய் வைக்கிறவவோ?" என்று கேட்டார்.

"அதுக்கும் தரைக்கும் என்ன?"

"எங்கட பொம்பிளையள் எண்ணெய் வைச்சுத்தான் தோயிறவை. தண்ணியிலயிருந்து ஏறினால் எண்ணெய் சொட்டும். எண்ணெயும் தண்ணியும் சிவப்புச் சீமெந்தில விழுந்தால் அது தரையில்லை, கொலைகாரன்."

ஐந்து பலகைகளை இரண்டடிச் சதுரமாகச் செய்து மணலில் வரிசையாக வைத்தார். சிவப்புச் சீமெந்து, கருங்கல், செங்கல், சல்லிக்கல் பதித்துத் தேய்த்தது, வெருகல் ஆற்றிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல் பதித்தது. நான் முதலில் பார்த்தது அந்தச் சோதனையைத்தான். கல் சூரியனை உள்ளே வாங்கி முடிக்கிற நேரம் ஒன்று பத்து என்பது அவர் கணக்கு. முதலில் காய்ந்த பலகையில் நிற்பார். பிறகு தண்ணீர் ஊற்றி நிற்பார். பிறகு சவர்க்காரம். கடைசியில் தேங்காய் எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு உண்டு. கருங்கல் தோசைச் சட்டி. செங்கல் பாசி பிடிக்கிற சோம்பேறி. சல்லிக்கல் நடிகன். சிவப்புச் சீமெந்தின் மேல் எண்ணெயோடு ஏறியவர் நான்கடி தள்ளிப்போய் வாழைக்குள் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே ஏஜென்டைப் பார்த்துக் கத்தினார்.

"கண்டீங்களோ! என்னையே விழுத்திப் போட்டுது! இதையோ போடச் சொல்லுறியள்? உங்களுக்கு விசரோ?"

தன் வளவில் தன்னைப் பைத்தியம் என்று சொன்னதை ஏஜென்டால் தாங்க முடியவில்லை. "நீர் மேசனோ, கழைக்கூத்தாடியோ?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு இருவருக்கும் கோவம். வேலை நிற்கவில்லை. கதை மட்டும் நின்றது. இடையில் நான் மாட்டிக்கொண்டேன்.

"தம்பி, அவரிட்டச் சொல்லும், தரை முகம் தெரியிற மாதிரி மினுங்க வேணும்" என்பார் ஏஜென்ட்.

"தம்பி, அவரிட்டச் சொல்லுங்கோ, முகம் பார்க்க ஆசையெண்டால் கண்ணாடி வாங்கி மாட்டட்டாம். காலுக்குக் கண் இல்லை" என்பார் மேசன்.

இருவருக்கும் நடுவில் நாலடி தூரம். நான் ஒன்றும் சொல்வதில்லை. தலையை மட்டும் திருப்புவேன். தலை திரும்பியதும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக இருவரும் ஏற்றுக்கொள்வார்கள். நான் துறைமுகத்துக்குப் போன நேரங்களில் குசினிப் பூனையிடம் சொன்னார்களாம்.

அடுத்த யுத்தம் செடிகளுக்காக. ரோசா வேண்டாம், முள் விழும், வெறுங்கால் குத்தும். "முள்ளை ஆர் எடுக்கிறது, அந்தக் கப்டனோ?" தடாகத்தின் மேல் சாய்ந்த நாவல் மரத்தை வெட்ட வேண்டும், பழம் விழுந்து நசிந்தால் வழுக்கும். மாமரக் கொப்பு இரண்டு போக வேண்டும். வேலிக்குச் செவ்வரத்தை, அதுதான் செம்பருத்தி, வைக்கலாமா என்று ரீச்சர் கேட்டார். மேசன் அடுத்த வீட்டு வேலியில் ஒரு பூவைப் பிடுங்கிப் பலகையில் வைத்துக் குதிக்காலால் தேய்த்தார். கொழகொழவென்று வந்தது. அதன் மேல் ஏறி இன்னொரு தரம் விழுந்து காட்டினார்.

கடைசியில் அவர் அனுமதித்த ஒரே செடி பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணி. ஏஜென்ட் கொதித்தார்.

"தம்பி, அது சவக்காலையில பூக்கிற பூ எண்டு அவரிட்டச் சொல்லும்!"

"தம்பி, சவக்காலையில கிடக்கிறவைக்கு இனி விழப் பயமில்லை. இஞ்ச இருக்கிறவவுக்குத்தான் பயம் எண்டு சொல்லுங்கோ."

இதைக் கேட்டு ரீச்சர் சிரித்தார். இருவரும் அவரை முறைத்தார்கள்.

கூழாங்கல்லில் மேசனுக்கு நம்பிக்கை இருந்தது. ரீச்சரை ஒரு கதிரையில் இருத்தி, செருப்பைக் கழற்றி, பலகையில் காலை ஊன்றச் சொன்னார். ரீச்சரின் முகம் சுருங்கியது. "குத்துது" என்றார். மேசன் ஆற்றிலிருந்து அத்தனை தூரம் கொண்டுவந்த கற்களைப் பத்து நிமிடம் திட்டினார். பிறகு மிச்சச் சாக்கைத் தூக்கி மலைச் சரிவில் கொட்டினார். கீழே ஏஜென்டின் கார் நின்றது.

அதன் பிறகுதான் அவருடைய தரை பிறந்தது. குச்சவெளிப் பருமணலும் சீமெந்தும், சூடு ஏறாதபடி கொஞ்சம் சுண்ணாம்பும். அரைவாசி இறுகிய நேரம் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கோடு போட்டார். கோடுகள் நடக்கிற திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கால் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கோட்டுக்குள்ளால் ஓடிப் பட்டிப்பூவுக்குப் போகும். வெளிறிய, அழகில்லாத தரை. எண்ணெய் ஊற்றி நின்றார். விழவில்லை. தரையைப் பார்த்து, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய புகழ்ச்சியை நான் கேட்டதில்லை.

அதன் மேல் ஈரச் சாக்குப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னது நீண்ட பிரசங்கம். ஏழு நாளைக்கு ஒருவரும் மிதிக்கக்கூடாது, மூன்று நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இது முடிந்த தரை, இப்படித்தான் இருக்கும், இதன் மேல் ஒன்றும் பூசக்கூடாது, தேய்க்கக்கூடாது, வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் சொல்ல வேண்டும். நான் ஏஜென்டிடம் போய், "ஏழு நாளைக்கு மிதிக்க வேண்டாமாம், தண்ணி ஊத்தட்டாம்" என்றேன். செய்தி நீளமாக இருந்தால் வாலை வெட்டுவது எங்கள் தொழிற்பழக்கம்.

எட்டாம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு பின்னேரம் மாதா கோயில் பாதர் வந்து தடாகத்தை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. குசினியில் இருபது வருடமாகச் சமைத்த மேரியக்கா சாக்குகளை எடுத்துப் பார்த்தார். கோடு கோடாக, மினுக்கமே இல்லாத தரை. ஐயாவுக்கும் மேசனுக்கும் கோவம் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கோவத்தில் மேசன் வேலையை அரைகுறையாக விட்டுப் போய்விட்டார் என்று நினைத்தார். நாளைக்குப் பாதர் வந்து இதைப் பார்த்தால் குடும்பத்தின் மானம் என்னாவது?

தகரத்தில் விற்கிற பொலிஷ் அப்போது கடையில் இல்லை. மேரியக்கா கோயிலிலிருந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி, மண்ணெண்ணெய் கலந்து, தேங்காய் மட்டையால் காலையிலிருந்து பின்னேரம்வரை தேய்த்தார். கோடுகள் எல்லாம் மெழுகால் நிரம்பின. மறுநாள் எல்லாரும் பாராட்டட்டும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு நாலரைக்கு பாதர் வந்தார். பக்கத்து வீட்டார் பத்துப் பேர் வரை வந்தார்கள். ரீச்சர் அழைத்ததால் மேசனும் வந்திருந்தார். ஏஜென்டோடு கோவம் என்பதால் கதிரையில் இருக்காமல் கிணற்றடியில் நின்றார். ஏஜென்ட் பின்கதவுக்குப் பக்கத்தில் கொளுத்திய மெழுகுதிரியோடு. நான் கேற்றடியில், முப்பதடி தூரத்தில்.

ரீச்சர் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தார். தம்பி நீட்டிய கையைத் தள்ளினார். "விடு, நான் நடப்பன்."

மேற்கு வெயில் சரிந்து தரையில் விழுந்தது. தரையில் வானம் தெரிந்தது. அதை முதலில் கண்டவர் மேசன்.

"தம்பி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "ஐயாவிட்டச் சொல்லுங்கோ, ரீச்சரைப் பிடிக்கச் சொல்லி..."

நான் வழக்கம்போலத் தலையைத் திருப்பத் தொடங்கினேன். ரீச்சரின் ஊன்றுகோல் மெழுகில் இரண்டு அங்குலம் முன்னே வழுக்கியது. மேசன் நேராக ஏஜென்டின் முகத்தைப் பார்த்தார்.

"டேய்! பிடியடா அவவை!"

தகப்பன் செத்த பிறகு ஏஜென்டை டேய் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவர் உடனே கீழ்ப்படிந்தார். மெழுகுதிரியை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அக்காவைக் கட்டிப் பிடித்தார். ஊன்றுகோல் தனியாக வழுக்கிப்போய்த் தடாகத்துக்குள் விழுந்தது. தீர்த்தம் தெளிக்க உயர்த்திய கையைப் பாதர் இறக்கவில்லை.

அக்காவைப் பிடித்தபடியே ஏஜென்ட் கேட்டார். "ஆரடா என்னை டேய் எண்டது?"

"நான்தான்!"

"என்ர வளவுக்கை நிண்டுகொண்டு..."

"உங்கட வளவுதான்! உங்கட மடத்தனம்தான்! ஆர் இதுக்கு மெழுகு பூசினது? மினுங்க வேணும், மினுங்க வேணும் எண்டு நிண்டு, கள்ளத்தனமாய்ப் பூசுவிச்சியளோ?"

"நான் பூசுவிச்சனானோ? எனக்குத் தெரியாதடா! நீதான் கோவத்தில என்னத்தையோ செய்து போட்டாய்!"

நாலு மாதமாக என் கழுத்து வழியாகப் போய்வந்த கோவம் முழுவதும் நேரே பாய்ந்தது. பத்துப் பேரும் பாதரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ரீச்சர் தம்பியின் கைக்குள் இருந்தபடி, "முதல் என்னைக் கதிரையில இருத்து. பிறகு வடிவாய்ச் சண்டை பிடியுங்கோ" என்றார்.

அப்போது மேரியக்கா குசினி வாசலில் நின்று அழத் தொடங்கினார். "நான்தான் பூசினனான். அரைகுறையாய் விட்டிட்டுப் போட்டார் எண்டு நினைச்சன். ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

மேசன் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதை முழுக்கச் சொன்னனீங்களோ?"

"கடைசிப் பகுதியை விட்டிட்டன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பார்வையை எடுத்தார். அதோடு என்னோடும் கோவம்.

மேரியக்காவைத் திட்டப் போகிறார் என்று எல்லாரும் ஒதுங்கினோம். அவர் குந்தியிருந்து, உள்ளங்கையால் மெழுகைத் தடவினார்.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கிறீங்கள், அக்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நானும் இப்படித்தான் தேய்ச்சனான், அந்தப் பள்ளிக்கூட விறாந்தையை. முகம் தெரியத் தெரியத் தேய்ச்சனான். எல்லாரும் வந்து புகழ்ந்தவை."

கதிரையிலிருந்து ரீச்சர், "எனக்குத் தெரியும்" என்றார்.

மேசன் எழுந்தார். "எப்ப தெரியும்?"

"விழுந்த அண்டைக்கே தெரியும். ஆர் போட்ட விறாந்தை எண்டு பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் தெரியும்தானே. மழையில ஓடினது என்ர பிழை."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்?" மேசன் கத்தினார். நான் அவரிடம் பார்த்த கோபங்களிலே இதுதான் பெரிது. "ஒரு சொல் சொல்லேலாதோ? ஒரு நாளாவது ஏசியிருக்கலாம்தானே? என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்?"

அன்றிலிருந்து ரீச்சரோடும் கோவம்.

அடுத்த மூன்று நாளும் அவர் பதினொரு அடியையும் கொத்துச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகக் கொத்தினார். மெழுகு ஊறிய தோல் முழுக்கப் போக வேண்டும். ஏஜென்ட் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, தன் கப்பல் கந்தோருக்கும் போகாமல், மூன்று நாளும் நேரடியாகச் சண்டை பிடித்தார். இருவருக்கும் அது நல்ல சுகத்தைக் கொடுத்தது. எனக்கு வேலை இல்லாமல் போனது. ரீச்சருக்கும் எனக்கும் சொல்ல வேண்டியவற்றை மேசன் மேரியக்காவிடம் சொல்லி அனுப்பினார். மேரியக்கா ஒரு சொல்லும் விடாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

கொத்திய தரை கரடுமுரடாக இருந்தது. மணலும் தேங்காய் மட்டையும் கொண்டு தேய்த்தார், கூர் போகும்வரை மட்டும். தன்னுடையது மரத்துப்போன உள்ளங்கால், அதற்கு இனி ஒன்றும் தெரியாது என்று மேரியக்காவிடம் சொன்னார். பிறகு முழங்காலில் நின்று, குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். கதவிலிருந்து தண்ணீர்வரை, அடிக்கு ஒரு தரம்.

வியாழக்கிழமை காலையில் ரீச்சர் நடந்தார். பாதர் இல்லை, அயலார் இல்லை. ஏஜென்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டச் சொன்னவர் ரீச்சர். கதவடியில் ஒரு முறை நின்று மூச்சு எடுத்தார். பிறகு ஒவ்வொரு அடியாக வைத்தார். கடைசியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, படியில் இறங்கி, தண்ணீருக்குள் நின்றார். சேலை அவரைச் சுற்றி மிதந்தது.

ரீச்சரோடு கோவம் என்பதால் மேசன் அந்த நேரம் முழுவதும் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றார். அவர் அழுதார் என்று மேரியக்கா சொல்லுவார். நான் பார்த்தது முதுகை மட்டும்தான்.